இருபது தேங்காயைப் பங்கு வைத்த வகையில் சுதா சொன்னது

பெயர் சுதா. வயது நாற்பத்தேழு. கணவர் பெயர் சுப்பிரமணி, தகப்பனார் காலஞ்சென்ற கோதண்டம். திருத்தணி மலையடிவாரத்தில் சரவணப்பொய்கைக்குப் போகும் வழியில் பூஜைச் சாமான் கடையும் காவடி வாடகையும் நடத்தி வருகிறேன். குடியிருப்பது அதே கடையின் மாடியில். என் அண்ணன் குணசேகரன் கொடுத்த புகாரின் பேரில் என் தம்பி குமரேசனை விசாரித்துவரும் உதவி ஆய்வாளர் பானுப்ரியா அவர்கள் முன்பாக, யாரும் அழைக்காமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன். அழைக்காமல் வந்தவர்கள் காத்திருக்க வேண்டும் என்றார்கள். காத்திருந்துதான் சொல்கிறேன்.

எங்கள் கூட்டுத் தொழில் பணத்திலிருந்து புது வேனுக்குக் கட்டிய அட்வான்ஸைத் தம்பி யாருக்கும் தெரியாமல் அரக்கோணம் ஷோரூமில் திரும்ப வாங்கி மோசடி செய்துவிட்டான் என்பது புகார். திரும்ப வாங்கியது உண்மை. மோசடி என்பது பொய். இடையில் நடந்ததைத் தேங்காயிலிருந்து தொடங்கினால்தான் சொல்ல முடியும். இதைக் கேட்டு, எழுதிக்கொண்டிருந்த ஏட்டய்யா சிரித்தார். சிரிக்கட்டும், விடாமல் எழுதினால் போதும்.

எங்கள் நைனா, அதாவது தகப்பனார், தொடங்கியது கடை ஒன்றுதான். அவர் இருக்கும்போதே அண்ணன் வேன் வாங்கி, திருப்பதி போகிறவர்களையும் திருத்தணி வருகிறவர்களையும் ஏற்றி இறக்கினார். தம்பி அம்மையார்குப்பத்தில் விசைத்தறி போட்டான். தொழில் மூன்றானாலும் பேங்கில் ஒரு டெபாசிட்டை மூவர் பெயரிலும் வைத்திருக்கிறோம். அதற்கு நைனா வைத்த பெயர் தாங்கு பணம். எந்தத் தொழிலில் அடி விழுந்தாலும் தாங்குவதற்கான பணம் அது.

அந்தப் பணத்தில் எந்தத் தொழிலுக்கு எவ்வளவு என்பதை வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைத் தெப்பம் முடிந்த மறுநாள் கடைக்குள் உட்கார்ந்து முடிவு செய்வோம். இருபது தேங்காயை நடுவில் வைப்போம். மொத்தத் தாங்கு பணமும் அந்த இருபதுதான். கெட்ட வருஷம் வந்தால் உன் தொழிலில் எத்தனை காய் உடையும், அதாவது எத்தனை காய் அளவுக்கு நஷ்டம் வரும் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்போம். சொன்ன அளவு காயை அவர் முன்னால் வைப்போம். பிறகு அந்த வருஷ லாபத்தை அந்தக் காய்களால் வகுத்து, ஒரு காய்க்கு என்ன வந்தது என்று பார்ப்போம். வேன் கொண்டுவரும் லாபம் பெரிதாகத் தெரியும், ஆனால் அதற்காக எட்டுக் காய் படுத்துக் கிடக்கும். கடை லாபம் சிறிதாகத் தெரியும், அதற்கு ஆறு காயே போதும். குவியலைப் பார்க்காதே, காயைப் பார் என்பார் நைனா. காய்க்குக் குறைவாகத் தருகிறவரிடமிருந்து எடுத்து, அதிகம் தருகிறவர் பக்கம் நகர்த்துவோம். அவர் அதை வைத்துத் தொழிலைப் பெருக்கலாம். எல்லாம் முடிந்ததும் ஒரு காயைப் பிள்ளையாருக்கு உடைத்துவிட்டு மற்றதைக் கடையில் விற்றுவிடுவேன்.

இந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு நல்ல கூட்டம். புஷ்பக் காவடி கேட்டவர்களுக்குக் கொடுக்க என்னிடம் காவடி இல்லை. வேனுக்கும் ஓய்வில்லை. தறிதான் மோசம். நூல் விலை ஏறிவிட்டதால் தம்பியின் காய் ஒவ்வொன்றும் வேன் காயில் பாதிகூடத் தரவில்லை. அண்ணன், "தறி காயத் தின்னுதே தவிர ஒண்ணும் குடுக்க மாட்டேங்குது. ரெண்டாவது வேன் போட்டுர்லாம்" என்றார். எங்கள் முறைப்படி அது சரிதான். நானும் தலையாட்டினேன். குமரேசன் தன் முன்னால் இருந்த ஆறு காயையும் தன் கையாலேயே அண்ணன் பக்கம் தள்ளி, "ஆங், எடுத்துக்க அண்ணா" என்றான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அதனால்தான் எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் வலிக்கிறது.

அதன் பிறகு அந்த ஆறு காயின் பணத்தை எடுத்து மூவரும் கையெழுத்துப் போட்டுப் புது வேனுக்கு அட்வான்ஸ் கட்டினோம். வண்டி வரச் சில மாதம் ஆகும் என்றார்கள். ரசீது என் கடைக் கல்லாவில் இருந்தது. குமரேசன், நூல்காரர் கடன் நிறுத்திவிட்டால் தறியை எடைக்குப் போட்டுவிட்டு அண்ணனின் இரண்டாவது வேனை ஓட்டுவதாகச் சொன்னான். வேனில் ஏறினால் கனகம்மாசத்திரம் தாண்டுவதற்குள் வாந்தி எடுப்பவன் அவன். அதைச் சொல்லி நான் கேலி செய்தேன். அவனும் சிரித்தான். ஆனால் தறிச் சத்தம் இல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது என்று அவன் பெண்டாட்டி நிர்மலா என்னிடம் தனியாகச் சொல்லி அழுதாள்.

அதன் பிறகு ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. திருப்பதிப் பக்கம் ரோட்டில் தண்ணீர் என்று டிவியில் காட்டியதும், வேன் பேசியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதே ஆட்கள்தான் மலையேறும் முன் என் கடையில் பூ வாங்கவும் வேண்டியவர்கள். கூடையில் பூ அழுகியது. தேங்காய் முளைவிட்டது. அந்தச் சமயம் ஒரு நாள் அண்ணன் கனகம்மாசத்திரம் பஸ்ஸிலிருந்து இறங்கிக் குடை இல்லாமல் நடந்து வருவதைப் பார்த்தேன். சொந்தமாக வேன் வைத்திருப்பவர் எதற்காகப் பஸ்ஸில் வருகிறார் என்று எனக்குப் புரியவில்லை. மறுநாளும் அப்படியே வந்தார்.

அதன் பிறகு அண்ணனின் பழைய வேனுக்குக் கடன் கொடுத்த பைனான்ஸிலிருந்து இரண்டு பேர் கடைக்கு வந்து, தவணை நிற்கிறது, வண்டி எங்கே என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். அப்போதுதான், அவர்கள் கண்ணில் படாமல் வண்டியைக் கனகம்மாசத்திரத்தில் யார் வீட்டுப் பின்புறமோ அண்ணன் விட்டிருக்கிறார் என்று விளங்கியது. அன்று மாலை அண்ணன் கடைக்கு வந்தபோது ஓட்டம் எப்படி என்று கேட்டேன். "ஜோரா போய்க்கினு இருக்கு" என்றார். சொல்லிக்கொண்டே, விற்காமல் கறுத்துப்போன வாழைப்பழத்தை எடுத்து உரித்துத் தின்றார். இன்னொன்றும் எடுத்தார். மத்தியானம் சாப்பிடவில்லை என்று தெரிந்துகொண்டேன். கேட்டால் கத்துவார் என்பதால் கேட்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அவர் போன பிறகு கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லாததால் இருபது தேங்காயை எடுத்து ஆடியில் வைத்தபடியே வைத்துப் பார்த்தேன். நாங்கள் கேட்கிற கேள்வியே தப்பு என்று அப்போதுதான் புரிந்தது. வேனைத் தனியாகக் கேட்டோம், கடையைத் தனியாகக் கேட்டோம். மழை பெய்தால் மூன்று தொழிலிலும் சேர்த்து எத்தனை காய் உடையும் என்று ஒரு வருஷமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், வேனும் கடையும் ஒரே மழையில் நனைகிறவை, இரண்டிலும் ஒரே நாளில் காய் உடையும் என்று தெரிந்திருக்கும். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு முருகன் மலைக்குக் கூட்டம் வராது என்று ஒரு யோசனையே வருவதில்லை. தறிக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. அதற்கு அடி விழுந்தால் நூல் விலையால் விழும், அது வேறு காலத்தில் வரும். காய்க்குக் குறைவாகத் தந்தாலும், மற்ற இரண்டும் விழுகிற நாளில் நிற்கப்போவது அதுதான். அதன் காயைப் பிடுங்கி, ஏற்கெனவே நனைகிற பக்கத்திலேயே இன்னொரு வேனுக்கு வைத்துவிட்டோம். அந்த மாதம் என் பூக்காரருக்கும் கற்பூரக்காரருக்கும் பாக்கி கொடுத்தது தம்பியின் தறிப் பணத்தில்தான்.

அதன் பிறகு குமரேசனுக்கு போன் செய்தேன். மழைக்கோட்டோடு பைக்கில் வந்தான். காய்களை நகர்த்தி நகர்த்திக் காட்டினேன். அண்ணன் பஸ்ஸில் வருவதையும் பைனான்ஸ் ஆட்கள் வந்துபோனதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, புது வேன் ரசீதைக் கொடு என்றான். நான்தான் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அது குற்றமென்றால் முதல் குற்றவாளி நான், என் பெயரை முதலில் எழுதவும்.

அதன் பிறகு அவன் அரக்கோணம் போய் வண்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து அட்வான்ஸைத் திரும்ப வாங்கி, அதே தெருவில் இருந்த பைனான்ஸ் ஆபீஸில் அண்ணன் பெயரில் நின்றுபோன தவணை எல்லாவற்றையும் கட்டினான். மிச்சத்தைத் தாங்கு பணத்திலேயே திரும்பச் சேர்த்தான். கட்டியதற்கான ரசீதுகளை இத்துடன் ஒப்படைக்கிறேன். தன் தறிக்கு ஒரு கண்டு நூல்கூட அதில் வாங்கவில்லை. அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்றேன். அதற்கு, "வேணாங்கா. வண்டிய ஒளிச்சி வெச்சிக்கினு நம்மகிட்ட ஜோருன்னு சொல்றாரே, அந்த ஜோர நாம கெடுக்கக் கூடாது. அவரு மனசு ஆறட்டும், பொங்கலுக்குச் சொல்லிக்கலாம்" என்றான்.

அதற்கு மறு வாரம் அண்ணன் வேனைக் கொண்டுவந்து கடை வாசலிலேயே நிறுத்தினார். முகம் தெளிவாக இருந்தது. ஒரு காரியம் நல்லபடியாக முடிந்தது, முருகன் கண் திறந்துவிட்டான், நல்லதாக ஒரு காய் கொடு என்று கேட்டார். பைனான்ஸிலிருந்து போன் வருவது நின்றுவிட்டது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த முருகன் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு காயைக் கொடுத்தேன். காசும் வாங்கிக்கொண்டேன், வாங்காவிட்டால் சந்தேகப்படுவார்.

அதன் பிறகு இன்று காலை, புது வேன் வர இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று கேட்க அண்ணன் அரக்கோணம் போயிருக்கிறார். உங்கள் தம்பி அப்போதே பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அவருக்குக் கோபம் வந்தால் வீடு வரை வராது, வழியிலேயே வெடித்துவிடும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேராக இங்கே வந்து எழுதிக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு காவலர்கள் குமரேசனைத் தறிக் கொட்டகையிலிருந்து அழைத்துவந்தார்கள். தகவல் தெரிந்து நானும் வந்தேன். ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டு அப்படியே வந்ததால் அவன் தலையெல்லாம் பஞ்சாக இருந்தது. வாசலில் நின்ற அண்ணன், அவன் அருகில் வந்ததும் பழக்கத்தில் அந்தப் பஞ்சை எடுக்கக் கையைத் தூக்கினார். அவன் சின்னப் பையனாக எங்கள் தெருவில் தறி வேலைக்குப் போன நாளிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவன் தலையைத் தட்டிவிட்டுச் சோறு போடுகிறவர் அண்ணன்தான். தூக்கிய கையைப் பாதியில் நிறுத்திப் பையில் போட்டுக்கொண்டார். அதை நான் பார்த்தேன், குமரேசனும் பார்த்தான்.

பணம் எங்கே என்று உதவி ஆய்வாளர் அம்மா கேட்டதற்குக் குமரேசன், "செலவு பண்ணிட்டேங்க" என்று மட்டும் சொன்னான். எதற்கு என்று மூன்று தடவை கேட்டும் அதையேதான் சொன்னான். தவணை கட்ட முடியாமல் வண்டியை ஒளித்துவைத்தார் என்ற பேச்சு ஸ்டேஷனில் நாலு பேர் காதில் விழுந்தால் அண்ணனுக்குத் தலை குனிவு என்று அவன் வாயில் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டு நிற்கிறான். அண்ணனின் மானத்துக்காக அவன் கேஸ் வாங்கிக்கொள்ளத் தயார். எனக்கு இரண்டு பேரும் வேண்டும். ஆகவே ஒருவரின் வெட்கத்தை உடைத்தாவது இன்னொருவரை வெளியே கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்து இதைச் சொன்னேன். அண்ணன் என்னைத் திட்டட்டும், எனக்குப் பழக்கம்தான்.

வருகிற ஆடியில் கேள்வியை மாற்றிக் கேட்போம். தறியிலிருந்து எடுத்த காயைத் தறிக்கே வைப்போம். அதற்கு என் பங்கிலிருந்து காய் கொடுக்க வேண்டியிருந்தாலும் கொடுப்பேன்.

நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. யார் தூண்டுதலிலும் சொல்லவில்லை. எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டும்படியும் கதவைச் சாத்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். வெளியே பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஏட்டய்யா முழுவதையும் படித்தார். "ஜோரா" என்பதை அவர் "சிறப்பாக" என்று எழுதியிருந்ததை மட்டும் திருத்தச் சொன்னேன். மற்றது நான் சொன்னபடியே இருக்கிறது.

படித்து முடித்த பின் நடந்ததையும் சேர்த்து எழுதச் சொல்லி நான் கேட்டுக்கொண்டதன் பேரில் இது சேர்க்கப்படுகிறது. அண்ணன் குணசேகரன் எழுந்து உள்ளே வந்தார். உதவி ஆய்வாளர் அம்மாவிடம் புகாரைத் திரும்பக் கேட்டார். அதன் பிறகு தம்பியின் அருகே போய் நின்று, அவன் தலையில் இருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார். குமரேசன் அவருக்கு எட்டும்படி தலையைக் குனிந்து கொடுத்தான்.

(ஒப்பம்) கோ. சுதா