பத்திரிகையில் இல்லாத அண்ணன்

"நா என்ன ஒட்டுக் கன்னா மாமா?"

அவள் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எண்பதுகளில், மலேசியாவில் ஒரு ஞாயிறு. தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் இருக்கும் அண்ணனைப் பார்த்துவிட்டு ஈப்போ திரும்புகிறாள் என்பது பேச்சில் தெரிந்தது. அவள் மடியில், அச்சுக்குக் கொடுக்க, பக்கத்தில் இருந்த மாமா எழுதிய அவளுடைய கல்யாணப் பத்திரிகை.

"ஒரே ரத்தம், ஒனக்கும் அந்த நோய் வரும்னு மாப்பிள்ள வீட்ல பயப்படுவாங்கல்ல. அதான் ஒங்கண்ணன் பேர எடுத்தேன். தோட்டத்துல ஒட்டுக் கட்டினவன் நா. ஒரே ரப்பர் மரத்து மொட்டுக் கண்ண எடுத்து நூறு கன்னுல கட்டினா, நூறும் ஒரே மாதிரிதான்."

"கொட்டையில மொளைச்ச மரம்?"

"அது ஒண்ணு பால் ஊத்தும், ஒண்ணு சொட்டாது."

"மனுசனும் கொட்டையில மொளைச்சவன்தான்! ஸ்கூல்ல நா நடத்துற பாடம் இது. அம்மா உடம்புல முட்டை உண்டாகும்போதே, தாத்தா வழி டிஎன்ஏ இழையும் பாட்டி வழி இழையும் அறுந்து, துண்டு மாறி ஒட்டிக்குது. ஒரு புரோட்டீன்தான் ஒரு இழையக் கொண்டுபோயி அடுத்ததுல மாட்டுது, பாக்டீரியாக் கிருமியில இத பாத்திருக்காங்க. அப்பா பக்கமும் இப்படித்தான். பிள்ளைக்குப் பிள்ளை கலவை வேற."

"அப்ப ஒனக்கு வராதுன்னு சொல்லிடலாமா?"

"அத யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அந்தத் துண்ட அண்ணனா கேட்டு வாங்கினான்? எனக்கு வந்திருந்தா, அவன் கல்யாணத்துல என் பேர எடுத்திருப்பீங்களா?"

அவள் பேனாவை மாமா கையில் திணித்தாள்.

"எடுத்த கையாலயே எழுதுங்க."