புத்தகத்தில் அவன் விழவே இல்லை

ஒரு கண்ணால் மணிக்கூட்டையும் மறு கண்ணால் என்னையும் பார்த்தபடி மேடையின் நடுவே வீற்றிருக்கும் விழாத் தலைவர் பேரின்பநாதன் அவர்களே! மன்னார் மண்ணின் கூத்தை மொன்ட்ரியால் பனிக்குள்ளும் மங்கவிடாமல் வளர்த்துவரும் அண்ணாவியார் ஹென்றி அவர்களே! முன்வரிசையை முழுவதுமாகப் பிடித்துக்கொண்ட மூத்தோரே! குசினிக்குள் கையும் மண்டபத்துக்குள் காதுமாக நிற்கும் தாய்மாரே! பிரெஞ்சிலே சிரித்து, ஆங்கிலத்திலே சண்டை பிடித்து, பசி வந்தால் மட்டும் தமிழுக்குத் திரும்பும் செல்வங்களே! கோட்-டெ-நெய்ஜ் பங்குக் கோயில் மண்டபத்தில் கூடியிருக்கும் அனைவருக்கும் ஜொய்சியின் அன்பு வணக்கம்.

சென்ட் லோரன்டில், முன்பு களஞ்சியமாக இருந்து இப்போது படப்பிடிப்புத் தளமாகிவிட்ட ஒரு கட்டடத்தில் நான் நடிகர்களுக்கு உடுப்புத் தைக்கிறேன். தைக்கும் தொழிலைப் பற்றிப் பேசு என்றுதான் என்னை அழைத்தார்கள். ஆனால் நான் பேசப் போவது ஒரு குள்ள வீரனைப் பற்றி. தலைவர் திடுக்கிடுகிறார். பயப்படாதீர்கள் தலைவரே, சுற்றி வளைத்து உடுப்புக்கு வந்துவிடுவேன்.

ஏன் இன்று இந்தப் பேச்சு? இன்னும் சிறிது நேரத்தில் அண்ணாவியார் இந்த வருடக் கூத்துக்கு யார் யாருக்கு என்ன வேசம் என்று அறிவிக்கப் போகிறார். ராசா வேசத்தைக் கேட்டிருப்பவன் றொக்சன். திரேசம்மாவின் மகன். மருந்துத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் அதிகாரி. என் வகுப்புத் தோழன். 'அவர்' என்றால் அவனே சிரிப்பான், ஆகவே 'அவன்' என்றே சொல்கிறேன். கடைசி வரிசையில் இருக்கிறான். பிறவியிலேயே உயரம் குறைந்தவன், முன்னுக்கு இருப்பவர்களின் முதுகுக்கு அப்பால் உங்களுக்குத் தெரியமாட்டான். அந்த வேசம் அவனுக்குக் கிடைக்குமா, கிடைக்காதா? நான் பேச்சை மாற்றியது அதற்காகத்தான்.

அன்பானவர்களே! மாயமும் மந்திரமும் மலைநாகமும் நிறைந்த ஒரு நெடுங்கதை. பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். அதிலே ஹார்வெக் என்று ஒரு வீரன். மலையைக் குடைந்து மாநகர் அமைத்த குள்ளர் குலத்தில் பிறந்தவன். கையிலே கோடரி, கண்ணிலே கனல். அவர்களுடைய நகரத்து வாயில் அவர்களுடைய உயரத்துக்கே கட்டப்பட்டது. மன்னனா? குனிந்து வா! மந்திரவாதியா? நீயும் குனிந்து வா! கடைசிப் போரில் அந்த வாயிலிலே ஹார்வெக் தனியே நிற்கிறான். எதிரிகள் எல்லோரும் நெட்டையர்கள், உள்ளே வர வேண்டுமானால் தலை குனிய வேண்டும். குனிந்த தலைக்கு நேரே கோடரி! விடியும் வரை வாயில் விழவில்லை.

இது புத்தகம். பிறகு இதைப் படமாக எடுத்தார்கள். ஒரு நெட்டை நடிகரைப் பிடித்து, கமரா வித்தையால் பாதியாகச் சுருக்கினார்கள். அதே வாயில், அதே போர். ஹார்வெக் கோடரியைத் தூக்குகிறான். கோடரியின் பாரம் அவனைப் பின்னுக்கு இழுக்க, படிகளில் உருண்டு போகிறான். தியேட்டர் குலுங்கிச் சிரித்தது. மொன்ட்ரியால்-நோர் பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் வகுப்பே போயிருந்தது, றொக்சனும் சிரித்தான். அடுத்த நாளிலிருந்து அவன் படியிறங்கும்போதெல்லாம் கீழே ஒரு கூட்டம் காத்து நின்றது. எதற்கு? இவன் எப்போது உருளுவான் என்று பார்க்க.

றொக்சன் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. நூலகத்துக்குப் போனான். தலையணைத் தடிப்பில் இருந்த அந்தக் கதையைப் பிரெஞ்சிலே எடுத்து வாசித்தான். ஒரு நாள் மெத்ரோ நிலையத்தில் என்னை மறித்துச் சொன்னான்:

"ஜொய்சி, நான் திருப்பியும் வாசிச்சுப் பாத்திட்டன். புத்தகத்திலை அவன் விழவே இல்லை."

அவன் குரலில் கோபம் இல்லை, அதிசயம்தான் இருந்தது. எனக்கும் அது பிடித்துக்கொண்டது. எழுதியவர் விழுத்தவில்லை. எதிரி விழுத்தவில்லை. அப்படியென்றால் ஹார்வெக்கை விழுத்தியது யார்? கமராவா? காசு கொடுத்துச் சிரிக்க வந்த நாங்களா? குள்ளமாய் ஒருவன் கோடரி தூக்கினால் கட்டாயம் சறுக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தது யார்? ஓம், முன்வரிசையில் தலையாட்டுகிறீர்கள். விடை தெரிந்தால் பேச்சு முடிய, பேந்து வந்து எனக்கும் சொல்லுங்கள்.

ஆண்டுகள் ஓடின. அதே கதையைத் தொடராக எடுக்க எங்கள் தளத்துக்கே வந்தார்கள். இம்முறை சுருக்கு வித்தை இல்லை, உண்மையிலேயே உயரம் குறைந்த நடிகர் வேண்டும் என்றார்கள். றொக்சன் தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனான், நடித்துக் காட்டினான், ஹார்வெக் ஆனான். கவசத்தை நான் தைத்தேன். அளவெடுத்தபோது பார்த்தேன், எங்கள் தளத்து நெட்டை வீரர்கள் பலரை விட அவன் தோள் அகலம். அந்தத் தோளுக்கே கவசத் தோலை வெட்டினேன்.

வாயில் காட்சி வந்தது. கையில் கிடைத்த வசனத்தாளைப் பார்த்தால், ஹார்வெக் மறுபடியும் படியில் உருளுகிறான்! றொக்சன் இயக்குநரிடம் போனான். அவர் கியூபெக்கைச் சேர்ந்த அம்மையார், நல்ல மனுசி. அந்த விழுகை எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று கேட்டான். புத்தகத்தில் இருப்பதுதானே என்றார் அவர். இல்லை, விழுந்தால் அது ஹார்வெக் இல்லை, நான் விழமாட்டேன் என்றான் இவன். இன்னொருவரை அழைப்பதற்கு அவர்களுக்கு ஒரு தொலைபேசி போதும். நான் குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு பார்த்து நின்றேன்.

அம்மையார் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். உருளுவதற்கென்று கட்டிய அதே படியில் குந்தியிருந்து தேடினார். தாள் தாளாகத் தேடினார். பிறகு நிமிர்ந்து, எப்போதோ பார்த்த படத்தை இத்தனை காலமும் வாசித்த கதை என்றே நம்பியிருந்தேன் என்று சொல்லித் தன்னைப் பார்த்துத் தானே சிரித்தார். அன்று ஹார்வெக் விழவில்லை. கோடரி ஓங்கியது, வாயில் நின்றது. போன மாரிப் பனியில் நீங்கள் எல்லோரும் வீட்டில் இருந்து பார்த்தீர்களே, யாராவது சிரித்தீர்களா? இல்லை! திரையில் தன் பிள்ளையைப் பார்த்துத் திரேசம்மா எழும்பி நின்றாராம்!

கைதட்டுகிறீர்கள். நன்றி. ஆனால் கொஞ்சம் பொறுங்கள், இந்தக் கைதட்டலை நான் முழுதாக வாங்க மாட்டேன்.

நம்முடைய கூத்துக்கு வாருங்கள். மன்னாரிலிருந்து கப்பலேறி வந்த ராசா உடுப்பு ஒன்று நம்மிடம் இருக்கிறது. பொன்னிழை அங்கி, பெரிய தோளணி, நெடிய மணிமுடி. உடுப்பு யாருக்கு அளவோ அவருக்கே வேசம், அதுதான் நம் வழக்கம். றொக்சன் பாடினால் இந்த மண்டபத்துக்கு ஒலிவாங்கி வேண்டாம். ஆனாலும் வருடா வருடம் அவனுக்குக் கொடுப்பது என்ன? பபூன் வேசம்! ஏன் என்று கேட்டால், உடுப்பு அளவில்லை. படத்திலே ஆளைச் சுருக்கினார்கள் என்று சிரிக்கிறோம், நாம் இங்கே உடுப்புக்கு ஆள் தேடுகிறோம்! அண்ணாவியார் அவர்களே, பணிவோடு கேட்கிறேன். உங்கள் கூத்துக் கொப்பியில் எந்தப் பாட்டில், எந்த வரியில் ராசா நெட்டையன் என்று இருக்கிறது? வீரத்துக்கு விரற்கடை உண்டா? அரசுக்கு அடிமட்டம் உண்டா? ஆளுக்குத்தானே உடுப்பு? அந்த அங்கியை என்னிடம் தாருங்கள், வெட்டித் தைத்துத் தருகிறேன்.

பொறுங்கள், அண்ணாவியார் ஏதோ சொல்கிறார். பின்வரிசைக்குக் கேட்காது, திருப்பிச் சொல்கிறேன். "உடுப்பை வெட்டினா பேந்து நான் போடேலாது, பிள்ளை" என்கிறார்.

ஓம் சபையோரே, இத்தனை வருடமும் அந்த ராசா அண்ணாவியார்தான். ஓம் அண்ணாவியார், வெட்டினால் உங்களுக்கு அது அளவிராது. திரும்ப ஒட்டித் தருவேன் என்று பொய் சொல்ல எனக்கு மனமில்லை. ராசா மேடைக்கு வரும்போது நீங்கள் பாடும் வரவுப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவள் நான். கேட்க எனக்கும் வலிக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

அண்ணாவியார் எழும்புகிறார். ஒலிவாங்கி வேண்டாமாம். கடைசி வரிசையைப் பார்க்கிறார். றொக்சன் தான் இருந்த கதிரையில் ஏறவில்லை, வரிசைகளின் நடுவே நடைபாதைக்கு வந்து நிற்கிறான். இப்போது எல்லோருக்கும் தெரிகிறான்.

அண்ணாவியார் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "வெட்டு பிள்ளை. நான் பாத்துக்கொண்டு நிக்கேக்கை மட்டும் வெட்டாதை."

சபையோரே, என் பேச்சு இவ்வளவுதான். மணியை அடிக்காமல் விட்ட தலைவருக்கு நன்றி. காது கொடுத்த உங்களுக்கு நன்றி. வேறு மேடைகளிலும் ராசா வேசம் கட்டியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன், அதைத் தன் கையாலே கழற்றிக் கொடுத்தவரை இன்றுதான் பார்க்கிறேன். அந்தப் பெரிய மனுசனுக்குத் தலை குனிந்த வணக்கம். உங்கள் அனைவருக்கும் வணக்கம்.