போர்டு வைத்த மாடிப்படி

“போர்டைக் கழட்டும்வே, மறுநாளே உம்ம ஆபீசுக்கு வாரேன்.”

ஆழ்வார்திருநகரி பஸ்ஸில் முன் சீட்டு மளிகைக்கடைக்காரர் இப்படிச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் புதிதாக ஆபீஸ் திறந்த வரி ஆலோசகர். என் மடியில் குழந்தை தூங்கியது. ஒட்டுக்கேட்பது தப்போ என்று நினைத்துக்கொண்டே காதைக் கொடுத்தேன்.

“வரி நோட்டீசுக்குப் பதில் எழுதித் தருவோம்னு போர்டு வச்சாத்தான அண்ணாச்சி ஆளு வரும்?” என்றார் ஆலோசகர்.

“அந்தப் படியில ஏறினா எனக்கு நோட்டீஸ் வந்துட்டுன்னு பஜார் பூரா பேசுமே. அப்புறம் எவன் நம்பிச் சரக்கு அனுப்புவான்?”

“வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் போடணுமே அண்ணாச்சி.”

“அதான் இங்கன கொண்டாந்தேன்.”

மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை உறையிலிருந்து நோட்டீசை எடுத்து நீட்டினார். ஆலோசகர் அதை உறைக்குள் பாதி மறைத்தபடியே படித்தார்.

பின்னாலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். “என்ன அண்ணாச்சி, யாருக்குக் கல்யாணம்? நமக்குப் பத்திரிகை கிடையாதா?”



“எனக்குத்தான்” என்றார் ஆலோசகர், உறையை மூடிக்கொண்டு. “அச்சுல பிழை இருக்கு. திருத்திட்டுத் தாரேன்.”

எனக்கே ஒரு கணம் குழம்பிவிட்டது. கடைக்காரர் அவரைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு பையச் சொன்னார்: “மிச்சக் காகிதமும் வீட்டுல இருக்கு. நாளைக்கு வாரும்.”