கையோடு இருக்க வேண்டியவை

விமானத்தில் போகும்போது எதைக் கையில் வைத்துக்கொள்வது, எதைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்புவது என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர் கிடையாது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலைக்காரர் அதைத்தான் கேட்பார். நானும் சலிக்காமல் சொல்வேன். தொலைந்தால் திட்டுவீர்கள் என்றால் பெட்டியில் போடுங்கள், தொலைந்தால் அழுவீர்கள் என்றால் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தும் பேட்டரியும் எப்போதும் கையில்தான். இதில் பேச்சுக்கே இடமில்லை.

இருபத்திரண்டு வருடமாக விமான நிலையத்தில் வேலை பார்க்கிறேன், சார். முதலில் பெட்டி எடை போடும் கவுன்ட்டர், பிறகு விமானத்தில் ஏற்றிவிடும் கேட். கூட வேலை பார்ப்பவர்கள் எனக்கு வைத்த பெயர் தராசு. ஒரு பையைக் கையில் தூக்கினால் எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவேன். இருநூறு கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். கைப்பைக்கு ஏழு கிலோ என்றால் ஏழு கிலோ. கெஞ்சியிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள், ஒரு பெரிய மனிதர் என் வேலையைப் பறித்துவிடுவதாகக்கூடச் சொன்னார். யாருக்கும் நான் வளைந்து கொடுத்ததில்லை. அன்றைக்கு மட்டும் ஏன் என்று நீங்கள் கேட்கிறீர்கள். அன்றைக்கும் வளைந்து கொடுக்கவில்லை என்பதுதான் விஷயம். வரிசையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

கேட்டில் ஒரு நடைமுறை உண்டு. கைப்பை எடை கூடினால் அந்த இடத்திலேயே வாங்கி, ஒரு சீட்டைக் கட்டி, விமானத்தின் அடிவயிற்றில் மற்றப் பெட்டிகளோடு போட்டுவிடுவோம். இறங்கும் ஊரில் பெல்ட்டில் வந்துவிடும். ஆனால் சீட்டைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். ‘மருந்து, பேட்டரி, பாஸ்போர்ட் ஏதாவது உள்ளே இருக்கா?’ பேட்டரி கீழே தீப்பிடித்தால் பார்க்க ஆள் கிடையாது, அதனால். இல்லை என்று சொன்னால் சீட்டில் ஒரு கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்துப் போடுவோம். இந்தக் கேள்வியை நான் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேனோ தெரியாது. தூக்கத்தில்கூடக் கேட்கிறேன் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வந்துவிடும்.

அம்மாவுக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே வரும் நோய். மூக்கில் ஒரு குழாய், தோளில் மாட்டும் அளவுக்கு ஓர் ஆக்சிஜன் மெஷின். வீட்டில் சுவரில் செருகிக்கொள்ளலாம், வெளியே போனால் பேட்டரி. அப்பா போன பிறகு பதினொரு வருடம் அம்மாவும் மகளுமாக நாங்கள் இரண்டு பேர்தான். மூன்றாம் மாடியில் இரண்டு அறை. குளிப்பாட்டுவது, தலை வாருவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது எல்லாம் நான்தான். வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவேன். பத்திரத்துக்குத்தான். நாளைக்கு நாலு தடவை போன் பண்ணுவேன், மூன்றாவது மணி அடிப்பதற்குள் அவள் எடுக்க வேண்டும் என்று பேச்சு. வேறு யாரும் அவளைத் தொந்தரவு செய்யாதபடி போனில் என் எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் தடுத்து வைத்திருந்தேன். அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்குத்தான் குறை. ஊர் வம்பு எல்லாம் அவருக்கு வேண்டும். நான் இல்லாத நேரத்தில் மாடி ஏறி வந்து, ஜன்னல் வழியாக அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். தீப்பிடித்தால் அவங்க எப்படி வெளியே வருவாங்க என்று ஒருநாள் என்னிடமே கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் என் அண்ணனுக்குப் போன் பண்ணிவிட்டார். ஜன்னல் கம்பிக்குள் அவர் போனை நீட்ட, அம்மாவும் பேசியிருக்கிறாள். என்ன பேசினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார், அண்ணி நர்ஸ். பத்தே நாளில் வந்து இறங்கினார். அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போய், மெஷினோடு விமானத்தில் போகலாம் என்று கடிதம் வாங்கினார். டிக்கெட் எடுத்த பிறகுதான் என்னிடம் சொன்னார்கள். கொஞ்ச நாள் அவனோட இருந்துட்டு வரேன் என்று அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். டிக்கெட்டைப் பார்த்தேன். எனக்கு அதுதானே பிழைப்பு. அண்ணனுக்கும் அம்மாவுக்கும் போக மட்டும் போட்டிருந்தது, வருவதற்கு இல்லை.

அம்மாவுக்குப் போக விருப்பமில்லை. என்னை விட்டு அவளால் இருக்க முடியாது. அண்ணன் மனம் நோகக் கூடாது என்றுதான் ஒத்துக்கொண்டாள். தையல்காரம்மாவிடம் இரண்டு புது உடுப்புத் தைக்கச் சொல்லியிருந்தாள் என்பதும், ஒரு காகிதத்தில் கோடு போட்டு ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தாள் என்பதும் உண்மைதான். நீங்கள் அந்தக் காகிதத்தை மேஜையில் வைத்திருக்கிறீர்கள். குழந்தை மாதிரி ஆகிவிட்டாள், அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது என்று எழுத வேண்டாம். வந்திருந்தால் சொல்லியிருப்பேன். அந்த வாரம் முழுக்க எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு இருக்குமே, அப்படி இருந்தது.

பெட்டி கட்டுவது என் பொறுப்பு. அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அம்மாவின் கைப்பையில் நாலு பேட்டரி வைத்தேன், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில். மாத்திரை, டாக்டர் கடிதம், ஒரு சால்வை. மெஷினில் ஏற்கெனவே மாட்டியது ஒன்று. அம்மாவுக்கு வைத்த அளவில் ஒரு பேட்டரி இரண்டரை மணி நேரம் வரும். பயணம் ஒன்பது மணி நேரம். தாராளமாகப் போதும். தூக்கிப் பார்த்தேன், ஆறு கிலோ முந்நூறு. அதன் பிறகு அலமாரியிலிருந்து குடும்ப ஆல்பத்தை எடுத்து அடியில் வைத்தேன். கெட்டி அட்டை போட்ட பழைய ஆல்பம், ஒரு கிலோ நானூறு கிராம் இருக்கும். அம்மா பார்த்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டாள். போட்டோ எல்லாம் எனக்கே குடுத்துட்டியா என்று கேட்டாள். நீயே வெச்சுக்கோம்மா என்றேன்.

அன்றைக்கு அந்தக் கேட் என்னுடையது இல்லை. கூட வேலை பார்க்கும் கண்ணாடிக்காரருடையது. அம்மாவை நானே ஏற்றிவிட வேண்டும், முறை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் பாவம், கண் கலங்கிவிட்டார். எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்தார். அவருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மத்தியானம் ஒரு மணி. விமானம் நிறைந்திருந்தது. அம்மா சக்கர நாற்காலியில் புது உடுப்போடு வந்தாள். ஏறும் நேரம் வரை மெஷினைச் சுவரில் செருகி வைத்திருந்தேன், பேட்டரி முழுசாக இருந்தது. நான் அவள் மடியிலிருந்த கைப்பையை எடுத்துத் தராசில் வைத்தேன். ஏழு கிலோ எழுநூறு. அண்ணன் சிரித்துவிட்டார்.

“சொந்த அம்மாவுக்கே தராசா? நீ திருந்தவே மாட்டே.”

ஆல்பத்தை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் பையும் சரியாக ஏழு கிலோ, காலையில் நான்தான் எடை பார்த்துக் கொடுத்தேன். வரிசை நிற்கிறது, எல்லோரும் பார்க்கிறார்கள், கீழே போட்டுவிடுகிறேன், இறங்கியதும் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். வேலையில் என் சொல்லுக்கு மதிப்பு உண்டு. சரி, நீ சொன்னா சரி என்று போர்டிங் பாஸை நீட்டிக்கொண்டு முன்னால் போனார். நான் சீட்டைக் கட்டினேன். டிக் போட்டேன். கையெழுத்துப் போட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

நீங்கள் எழுதி வைத்திருக்கும் காகிதத்தில் மறதி என்று இருக்கிறது. எங்கள் சூப்பர்வைசர் சொல்லியிருப்பார், என்மேல் அவருக்கு மரியாதை உண்டு. அதைத் திருத்துங்கள். இருபத்திரண்டு வருடத்தில் நான் எதையும் மறந்ததில்லை.

என் யோசனை இதுதான். இரண்டு மணி நேரத்தில் மெஷின் முதல் தடவை கத்தும், இன்னும் அரை மணி நேரம் தாங்கும் என்று. மாற்ற பேட்டரி இருக்காது. விமானத்தில் அவசரத்துக்கு நாலு ஆக்சிஜன் சிலிண்டர் உண்டு. அம்மாவுக்கு ஒரு சிலிண்டர் முப்பத்தைந்து நிமிடம் வரும். கத்தியதும் விமானத்தைத் திருப்பினால் இரண்டு மணி நேரத்தில் இங்கே வந்துவிடலாம், சிலிண்டரில் மிச்சமே இருக்கும். ஐந்து மணிக்கு அதே கேட்டில் அம்மா இறங்குவாள். களைத்துப்போய், எனக்கு இந்தப் பயணம் எல்லாம் ஒத்துவராதுடி என்பாள். பிறகு யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். காலையிலேயே அவள் படுக்கையைத் தட்டிப் போட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கி மூடி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். சமையலறையில் நீங்கள் எடுத்த போட்டோவில் அந்தக் கிண்ணம் இருக்கிறது.

விமானம் போன பிறகு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உடனே திருப்பியிருப்பார்கள் என்கிறீர்கள். ஆமாம். கட்டுப்பாட்டு அறை எண் என் மேஜையிலேயே ஒட்டியிருக்கிறது. அது தோன்றவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அடுத்த விமானத்துக்கு வரிசை வந்துவிட்டது. அதில் ஒருவர் பை எடை கூடியிருந்தது. கேள்வியைக் கேட்டேன். பேட்டரி இருக்கிறது என்றார். எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பிறகுதான் சீட்டைக் கட்டினேன்.

என் கணக்கில் தப்பில்லை, சார். வேறு ஒன்று நடந்தது. மெஷின் கத்தியதும் அண்ணன் பதறவில்லை. தன் பையை எடுத்துக் கவிழ்த்துத் தேடியிருக்கிறார். அதில் இல்லை என்றதும் மேலே இருந்த பைகளை எல்லாம் இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். பணிப்பெண்கள் சிலிண்டரை மாட்டிவிட்டு, பேட்டரி கிடைக்கும்வரைதானே என்று கூடவே தேடியிருக்கிறார்கள். பேட்டரி எப்படியும் விமானத்துக்குள்தான் இருக்கிறது என்று எல்லோரும் நம்பியதால், திரும்பலாம் என்ற பேச்சே ஒரு மணி நேரம் வரவில்லை. அதற்குள் கீழே எங்கு பார்த்தாலும் கடல். பக்கத்தில் இருந்த ஓடுதளத்துக்குப் போய்ச் சேருவதற்குள் நாலாவது சிலிண்டரும் முடிந்துவிட்டது.

ஏன் அப்படி நம்பினார்கள் என்றுதானே காலையிலிருந்து கேட்கிறீர்கள். அண்ணன் என்ன சொன்னார் என்று உங்கள் முகத்திலேயே தெரிகிறது. சரி, விட்டுப்போனதைச் சொல்லிவிடுகிறேன். நான் சீட்டைக் கட்டும்போது அண்ணன் முன்னால் போய்விட்டார். அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். நான் கேட்காத கேள்வியை அவள் கேட்டாள்.

“பேட்டரி அந்தப் பையிலதானே இருக்கு?”

“இல்லம்மா. அதை அண்ணன் பைக்கு மாத்திட்டேன்.”

“எல்லாம் நீ சரியாத்தான் செய்வே,” என்றாள் அம்மா. என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் என் கணக்கு சரியாக வந்திருக்கும். ஆனால் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் பேட்டரியை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். ஆமாம், நான்தான் செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

கைப்பை மூன்றாம் நாள் வேறு விமானத்தில் வந்தது. என் கையெழுத்தோடு அந்தச் சீட்டு அப்படியே இருந்தது. நாலு பேட்டரியும் முழு சார்ஜோடு இருந்தன. அம்மா ஐந்தாம் நாள் வந்தாள். பயணிகள் வழியாக இல்லை, சரக்குப் பிரிவு வழியாக. போகும்போது மேலே உட்கார்ந்து போனவள், வரும்போது கீழே வந்தாள். அங்கே இருந்த குமாஸ்தாவுக்கு என்னைத் தெரியும். எடை எழுதிய படிவத்தைத் திருப்பி வைத்துவிட்டு, பெற்றுக்கொள்பவர் என்ற இடத்தை மட்டும் விரலால் காட்டினார்.

தகனம் முடிந்ததும் அண்ணன் சாம்பலைத் தன்னோடு கொண்டுபோகக் கேட்டார். அந்தப் பயணத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசுவதே இல்லை, இதையும் எழுதித்தான் கொடுத்தார். நான் கொடுக்கவில்லை. அம்மா ஏற்கெனவே ஒரு தடவை அலைந்து களைத்துவிட்டாள். என்னிடம் திரும்பி வருவாள் என்றுதான் நினைத்தேன், வந்துவிட்டாள். இப்போது அவள் படுக்கைக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறாள், மெஷின் இருந்த இடத்தில்.

இங்கே ஸ்டேஷன் வாசலில் வாங்கி வைத்த என் கைப்பையில் வீட்டுச் சாவி இருக்கிறது. அதைத் தையல்காரம்மாவிடமோ அண்ணனிடமோ கொடுத்துவிட வேண்டாம், சார். வெளியே பூட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அம்மாவின் பத்திரத்துக்குத்தான்.