சைக்கிள் சீட்டு கொஞ்சம் ஒசரம்

விழல்ல சேர், விழப் பாத்தேன். சீட்டு கொஞ்சம் ஒசரம், கால் தரையில எட்டல்ல, அதான். நீங்க ஹேண்டில மட்டும் பிடிச்சுத் தள்ளுங்க, நான் நொண்டிக்கிட்டே கூட வந்துர்றேன். டிஸ்பென்சரி வரைக்குந்தான். ஒங்க கோட்டர்ஸும் அதுக்குப் பக்கத்துலதானே. த்ரீவீலா? வரும், வரும். அத ஓட்டுற றுஷாந்தன் ஹோர்ன் அடிச்சா ஸ்பிரிங்வெளித் தோட்டம் முழுக்கக் கேக்குமே. நடந்துக்கிட்டே இருப்போம், வந்தா ஏறிக்குங்க.

பைய இப்பிடி கேரியர்ல வைங்க. அம்மாடி, என்ன சேர் இது, பள்ளிக்கூடத்தையே தூக்கிட்டு வாறீங்களா? ஓ, திருத்துற கொப்பியா. காலையில பள்ளிக்கூடம், அந்தியில டியூசன், வீட்டுக்குப் போனா இது. மூச்சு விட நேரமில்லன்னு நீங்க சொல்றது சரிதான். இந்தா, ரோட்டு வளையுற முடக்கு ஒன்னு கூட முழுசா ஏறல்ல, மூச்சு அவசரப்படுது பாருங்க.

கோவிச்சுக்காதீங்க. ஒங்களுக்கும் சீனி வருத்தமாமே? யார் சொன்னதுன்னா கேக்குறீங்க? என் கடையிலதானே டீ குடிக்கிறீங்க. புவனேந்திரன், பிளேன்டிக்குச் சீனி போடாதீங்கன்னுவீங்க. கையில பாத்தா கடிச்ச கிம்புலா பனிஸ், மேல முழுக்கச் சீனி. நான் என்னத்தக் கண்டேன், பிளேன்டிய ஊத்தினேன்.

லேசாத்தானா? எனக்கும் லேசாத்தான் சேர் இருந்திச்சு.

கட்டார்ல லொறி ஓட்டினவன் நான். காசையும் உக்காந்தே சம்பாதிச்சேன், சீனியையும் உக்காந்தே சம்பாதிச்சேன். ஊருக்கு வந்த புதுசுல டொக்டர் சொன்னாரு, தினமும் சைக்கிள் ஓடுங்கன்னு. பதுளைக்குப் போயி அழகா ஒன்னு வாங்கினேன். ஓடினேனா? ஒரு நாள் விடல்ல. மழையில சாக்கப் போத்திக்கிட்டு ஓடினேன். கடையில சனமெல்லாம் பாராட்டு. சீனி மட்டும் ஏறிக்கிட்டே போகுது. டொக்டர் மருந்த மாத்துறாரு, மறுபடி மாத்துறாரு. கடைசியில கண்ணாடியக் கழட்டி வச்சிட்டுக் கேட்டாரு, எங்கயிருந்து எங்க ஓடுறீங்கன்னு. மேல மலையிலயிருந்து கீழ ரோட்டுக்குன்னேன். சரி, மேல எப்பிடிப் போறீங்கன்னாரு. தேயிலக் கொழுந்து ஏத்த வெறும் லொறி மேல போகும்ல, அதுல சைக்கிளையும் போட்டு நானும் ஏறிக்குவேன்னேன்.

ஆமா சேர். பெடல மிதிச்சதே இல்ல. கால் ரெண்டையும் நீட்டிக்கிட்டு, பங்களாத் தொர மாதிரி எறங்கி வருவேன். டொக்டர் என்னையே பாத்தாரு. புவனேந்திரன், ஒங்க பிரேக்தான் எக்சசைஸ் செஞ்சிருக்குன்னாரு. சிங்கள டொக்டர். சிங்களத்துல அது இன்னும் நல்லா இருந்திச்சு.

சிரிங்க, சிரிங்க. ஐயோ, நின்னு சிரிக்காதீங்க. ஏத்தத்துல நின்னா மறுபடி தள்ளுறது கஷ்டம்.

ஹோர்ன் சத்தமா? எனக்குக் கேக்கல்லியே. தேயில ஸ்டோர்ல ஏதாவது மெசினா இருக்கும்.

எப்பிடித் தொடங்குறதா? ஆ, அப்பிடிக் கேளுங்க! இதுக்குன்னு தனியா நேரம் தேடாதீங்க சேர், ஒங்களுக்குக் கிடைக்காது. வேலைக்குப் போற ரோட்டுதான் ஒங்க நேரம். காலையில எறக்கம், ஷேர்ட் கூட வேர்க்காது. அந்தியில ஏத்தம். முடிஞ்ச மட்டும் மிதிங்க, முடியாட்டி எறங்கித் தள்ளுங்க. தள்ளுறதுல என்ன வெக்கம்? பிள்ளைங்க பாத்துச் சிரிக்கும், ரெண்டு நாளைக்கு. அப்புறம் அதுங்களே பின்னால வந்து தள்ளும். மொதல்ல கோயில் முடக்கு வரைக்கும் மிதிச்சாப் போதும். அப்புறம் காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்களம் வரைக்கும். ஒடம்பு தானா அடுத்ததக் கேக்கும்.

அந்தா, டிஸ்பென்சரி லைட்டு. வந்தே வந்துட்டோம் பாத்தீங்களா! இந்தக் கல்லுல உக்காருங்க. போத்தல்ல தண்ணியிருக்கு, மெதுவாக் குடிங்க.

த்ரீவீலா... அது வராது சேர். சேரை ஏத்த வராதேன்னு றுஷாந்தன்கிட்ட நான்தான் சொல்லி வச்சேன். நாளைக்கும் வராது. விழப் பாத்தேன்னதும் பொய்தான்.

நொண்டுறது பொய்யில்ல. இந்தச் சப்பாத்துக்குள்ள ரெண்டு வெரல் கொறையுது, பிரேக்குக்கு எக்சசைஸ் குடுத்த காலத்துல போனது. இந்த டிஸ்பென்சரியில கட்டு மாத்தினதெல்லாம் ஒங்க வீட்டம்மாதான், சுதர்ஷினி மிஸ்ஸி. நல்ல கை, வலியே தெரியாது. ஒரு நாள் கட்டிக்கிட்டே இருந்தவங்க பாதியில நிறுத்திட்டாங்க. வீட்ல ஒரு கால் இருக்கு அண்ணே, கட்டிலுக்கு வெளிய நீட்டிக்கிட்டுத் தூங்கும், எந்திரிச்சு எந்திரிச்சு அதைத்தான் பாக்குறேன்னாங்க. கத்திரிக்கோலத் தேடுற மாதிரி அங்கிட்டுத் திரும்பிக்கிட்டாங்க. கத்திரிக்கோல் என் மடியிலதான் கெடந்திச்சு.

சரி, நான் எறங்குறேன். கடையத் தெறந்து போட்டுட்டு வந்திருக்கேன்.

சைக்கிளா? அத ஏன் எங்கிட்ட நீட்டுறீங்க? என்னோடது கீழ கடைச் சுவத்துல சாஞ்சு நிக்குது. இது மிஸ்ஸி ஒங்களுக்கு வாங்கினது சேர். ஏறி உக்காந்து பாருங்க. சீட்டு எனக்குத்தான் ஒசரம். ஒங்களுக்குச் சரியா இருக்கும், கொடியில காஞ்ச ஒங்க களுசானோட கால் நீளத்த வச்சு அளந்துதான் சீட்டப் பூட்டினோம்.