கொண்டையில் அத்தான் வேட்டி

பாளையம்பட்டியில் டவுன் பஸ் ஏறிய அக்காவும் தங்கச்சியும் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். என் தலையில் முடியே கிடையாது. கொண்டை விஷயத்தில் எனக்கென்ன வேலை? ஆனாலும் காது கேட்டுத் தொலைக்கிறதே.

“ஏக்கா, கொண்டையில ஜரிகை பேண்டு அழகா இருக்கே. எங்க வாங்குன?”

“வாங்கலடி. உங்க அத்தானோட பட்டு வேட்டி.”

“ஐயையோ!”

“உள்ள சொருகுற முனையில ஒரு சாண்தான் வெட்டுனேன். எலாஸ்டிக்கக் கோத்துத் தைச்சா முடிஞ்சுபோச்சு.”

“அத்தான் முன்னால நிக்கிறாக பாரு. முனைய மாத்திக் கட்டிட்டாக. வெட்டுனது வெளிய தெரியுது!”

இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

“காதுகுத்துக்கு இவுகதான்டி தாய்மாமன். ஊரே பாக்குமே!”

“மடிச்சுக் கட்டச் சொல்லு.”

“பெரியவுகளக் கண்டா உடனே இறக்கி விட்ருவாகளே.”

அத்தான் திரும்பினார். கொண்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அட, என் வேட்டிக்கு மேட்ச்சா போட்ருக்க! இன்னைக்குப் பூராம் என் பக்கத்துலயே நில்லு.”

“சரிங்க,” என்றாள் அக்கா.

“ஒட்டியே நில்லுக்கா,” என்று கிசுகிசுத்தாள் தங்கச்சி. “வெட்டுன பக்கமா.”