இடம் மாற்றிய வரி

நாற்காலி கொடுத்ததற்கு நன்றி, ஐயா. நாலு நாளாக இடுப்பு பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆளுயரக் கம்பிக்கூண்டு ஒன்று இருக்கிறது. உள்ளே உயர் மின்னழுத்தத்தைத் தேக்கிவைக்கும் மின்தேக்கிகள். அதை நடத்தும் கணினி நிரலைப் பதினாறு வருடமாக நான்தான் எழுதிவந்தேன். நொடிக்கு நூறு சுற்று ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் கூண்டுக் கதவைப் பார்க்கும். திறந்திருந்தால் மின்சாரத்தை நிறுத்தி, தேங்கியதைத் தரைக்கு இறக்கிவிடும். சுற்று முடிந்ததும், உயிரோடு இருக்கிறேன் என்று பக்கத்திலுள்ள காவல் பெட்டிக்கு ஒரு துடிப்பு அனுப்பும். அரை நொடி துடிப்பு வராவிட்டால் பெட்டியே எல்லாவற்றையும் அணைத்து, தேங்கியதையும் இறக்கிவிடும்.

அப்பாவும் அம்மாவும் கல் உடைத்தவர்கள். தம்பி படிப்பதற்காக நானும் இரண்டு வருடம் சம்மட்டி பிடித்தேன். படித்து முடித்தவனை இங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். அதையெல்லாம் சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை நான்.

வந்த மூன்றாம் மாதம் என் நிரலைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதினான். பத்து மடங்கு வேகம். பேராசிரியர் எல்லோர் முன்னாலும் சிரித்தார். "உங்க தம்பி பத்தே நாள்ல முடிச்சிட்டாரு. நீங்க பதினாறு வருஷமா என்னத்த உருட்டிக்கிட்டு இருந்தீங்க?"

தம்பி என் தோளில் கை போட்டான். "விடுங்க சார், அண்ணன் அந்தக் காலத்து ஆளு. அண்ணே, இனிமே நீ சாவகாசமா டீ குடி."

நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம்தானே.

அன்று மாலை அவனே வந்தான். "அண்ணே, ஒருதடவ பாத்துடேன். நீ பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

பார்த்தேன். ஒரு தப்பு இருந்தது. அளவுகளை ஹார்ட் டிஸ்க்கில் எழுதும் வேலையையும் அதே சுற்றுக்குள் வைத்திருந்தான். டிஸ்க் நிரம்பினால் சுற்று அப்படியே நின்றுவிடும், கதவைப் பார்க்காது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். சுற்று நின்றால் துடிப்பும் நிற்கும், பெட்டி அணைத்துவிடும். யாருக்கும் ஒன்றும் ஆகாது.

நான் ஒரே ஒரு வரியை இடம் மாற்றினேன். துடிப்பு அனுப்பும் வரியைச் சுற்றின் கடைசியிலிருந்து எடுத்து, கணினியின் கடிகாரம் தனியாக ஓட்டும் நிரல் துண்டில் வைத்தேன். இனி சுற்று செத்துக்கிடந்தாலும் துடிப்பு போய்க்கொண்டே இருக்கும். அப்படி ஒருபோதும் வைக்கக் கூடாது. புதியவர்களுக்காக நான் எழுதிவைத்திருக்கும் குறிப்புகளில் முதலாவது அதுதான்.

"நல்லா இருக்குடா," என்றேன். முகமெல்லாம் மலர்ந்துபோய், மறுபடி சரிபார்க்காமல் கணினியில் ஏற்றிவிட்டான்.

டிஸ்க் எப்போது நிரம்பும் என்று பார்த்துவைத்தேன். வியாழக்கிழமை பதினொரு மணி. கூண்டுக்குள் போகுமுன் தேக்கிகளைத் தொட்டு மிச்சத்தை இறக்க ஒரு தரைக்கம்பி உண்டு. பிடி ஆடுகிறதென்று சொல்லி, அன்று காலையிலேயே அதைப் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தேன். பிடி ஆடவில்லை.

பதினொன்றேகாலுக்கு, உள்ளே ஓர் இணைப்பை மாற்ற வேண்டுமென்று கதவைத் திறந்தான்.

"அண்ணே, கம்பி எங்க?"

"பட்டறையில. அதான் பெட்டி இருக்கே, போடா."

போனான்.

எல்லாம் நான் செய்தது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொறாமை என்று மட்டும் எழுத வேண்டாம். அவன்மேல் எனக்கென்ன பொறாமை? அன்றைக்கு அவன் எழுதியது பாதியில் நின்றுபோனது. நான் வைத்த வரி ஒரு துடிப்புகூடத் தவறவில்லை.